பூனைக்குட்டிகளுக்காக இந்தி படித்த கதை

எங்கள் வீட்டுக்குள் இந்தி எழுத்து முதன்முதலில் நுழைந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். ஒரு இன்லண்டு கடிதத்தின் கடைசி மடிப்பில், பென்சில் எழுத்தாக வந்தது.

அப்போது எனக்கு ஐம்பது வயது. பொன்னமராவதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஒரே மகள். புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் அவளை என் அக்காள் மகனுக்கே கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். பிறகு ஜபல்பூரில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் முடிந்த கையோடு மகளையும் கூட்டிப் போய்விட்டார். அவர்களுக்கு ஒரு பெண், ஒரு பையன். கடிதம் வந்தபோது பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு இரண்டு.

கடிதத்தில் மகள் வழக்கம்போல வீட்டு நலம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "கீழே உங்கள் பேத்தி ஏதோ எழுதப் போகிறாளாம். நான் பார்க்கக் கூடாதாம். எழுதி, பசை தடவி, அவளே ஒட்டுவாளாம். தாத்தாவுக்கு இந்தி தெரியாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கிற வழியாக இல்லை."

அதன் கீழே ஒன்பது வரி. ஒவ்வொரு வரியும் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி மேல்கோட்டிலிருந்து தொங்கியது. பென்சிலை எவ்வளவு அழுத்தியிருந்தாள் என்றால், தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்பட்டது.

பேத்தி என்னிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை வந்திருந்தார்கள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. வந்து இறங்கியதும் 'பானி, பானி' என்று கேட்டாள். என் மனைவி ஓடிப்போய் ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்தாள். விளையாடக் கேட்கிறது போல என்று நினைத்துவிட்டாள். குழந்தை பானையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தது. தண்ணீர் என்று மகள் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளும் அவள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலேயே நின்றாள். அக்கம்பக்கம் முழுக்க இந்திக்காரர்கள், வீட்டில் நாங்கள் தமிழில் பேசினாலும் பதில் இந்தியில்தான் வருகிறது என்று மகள் வருத்தப்பட்டாள். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்ட குழந்தை ஒன்பது வரி எழுதியிருக்கிறது. அதை எப்படிப் படிப்பது? மகளுக்கே திருப்பி அனுப்பிக் கேட்கலாம். ஆனால் அம்மா பார்க்கக் கூடாது என்பதுதான் குழந்தை போட்ட ஒரே நிபந்தனை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரில் இந்தி வேண்டாம் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். என் கடைக்கு வரும் பேப்பரைத் தினமும் உரக்கப் படிப்பவர் பக்கத்து சோடாக்கடைக்காரர். என்னைவிட நாலு வயது இளையவர், என்னை அண்ணே என்பார். கூட்டம், ஊர்வலம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். கடிதத்தை அவரிடம் காட்டினேன். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாசல்ல நின்னு தடுத்தோம், இது தபால்ல வந்துருச்சே அண்ணே" என்றார்.

ஊரில் இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், ஹைஸ்கூல் இந்தி டீச்சர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். தாயாரோடு தனியாக ஒரு வீட்டில் குடியிருந்தார். அவரிடம் போவதில்தான் சங்கடம். சில வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் பதினைந்து பேர் நின்று கோஷம் போட்டோம். டீச்சர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எங்கள் நடுவில் நடந்து உள்ளே போனார். அன்றைக்கு எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது என் குரல்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் கடிதம் வந்தது. அன்று பூராவும் யோசித்தேன். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

டீச்சர் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் உட்காரச் சொன்னார். நான் கடிதத்தை நீட்டி, பேத்தி எழுதினது, மேலே எழுதியிருப்பது மகள், அதைப் படிக்க வேண்டாம், கீழே உள்ளது மட்டும் என்று உளறினேன். அவர் முதல் வார்த்தையைப் படித்தார்.

"நானாஜி."

"நானா? நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டேன்.

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு அந்த ஊரில் நானா என்று பெயராம். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். எனக்கு அது அப்படியே மனப்பாடம்.

"நானாஜி, நம் வீட்டுக் கரி அறையில் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஒன்று கறுப்பு, இரண்டு கோடு போட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அதுகளைச் சாக்கில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவாராம். அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டாள். நீங்கள் அம்மாவுக்கு அப்பா. நீங்கள் சொன்னால் அம்மா கேட்டுத்தான் ஆக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்."

"ஞாயிற்றுக்கிழமைன்னா நாளைக்குல்ல?" என்றார் டீச்சர்.

நான் எழுந்துவிட்டேன். செருப்பைக்கூட மாட்டாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். திறக்க இன்னும் நேரம் இருந்தது. வாசலிலேயே நின்றேன். போஸ்ட்மாஸ்டர் வந்ததும் ஜபல்பூருக்கு அர்ஜெண்டாகத் தந்தி என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. யாருக்கு என்னவென்று மெதுவாகக் கேட்டார். பூனைக்குட்டிக்கு என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவரும் பரபரப்பாகி, பேனாவை எடுத்து இங்கிலீஷில் அவரே எழுதினார். பூனைக்குட்டிகளை விட வேண்டாம், கடிதம் பின்னால் வருகிறது, அப்பா. அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்று தைரியம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு அதே இடத்தில் திரும்பவும் ஒட்டினேன். சோடாக்கடைக்காரர் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, "இன்னேரம் சாக்கு எடுத்திருப்பாரா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் மகளிடமிருந்து கடிதம் வந்தது. சரியான கோபம். தந்திக்காரனைப் பார்த்ததும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவள் குரலெடுத்து அழ, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொள்ள, மாப்பிள்ளைதான் பிரித்துப் படித்தாராம். படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். 'இனிமேல் சாவுக்குக்கூட எங்களுக்குத் தந்தி கொடுக்காதீர்கள்' என்று முடித்திருந்தாள். அதற்குக் கீழே பென்சிலில் இரண்டே வரி. டீச்சரிடம் ஓடினேன். 'மூன்றும் இருக்கிறது. ஷாபாஷ் நானாஜி.'

அன்றைக்கே டீச்சரிடம் கேட்டுவிட்டேன், எனக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று. வாசலில் நின்று கத்தினதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"சத்தம் கிளாஸ் வரைக்கும் கேட்டுதுங்க. நல்ல தொண்டை. ஒங்களுக்கு உச்சரிப்பு சுலபமா வரும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை.

தினமும் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை படிப்பு. சும்மா சொல்லக் கூடாது, அந்த வயதில் புதுசாக ஒரு எழுத்தைக் கற்றுக்கொள்வது குடிக்கிற மாதிரி ஒரு போதை. ஒரே ஒரு 'க' வைத்து வாழ்நாளை ஓட்டியவனுக்கு நாலு 'க'. வயிற்றிலிருந்து ஒன்று, தொண்டையிலிருந்து ஒன்று. பஞ்சர் ஒட்டிக்கொண்டே நாலையும் சொல்லிப் பார்ப்பேன். சைக்கிள் வாடகைக்கு எடுக்க வந்தவர்கள் எனக்கு இருமல் என்று நினைத்து மிளகு சாப்பிடச் சொன்னார்கள். இன்னொரு கூத்து, அந்த மொழியில் எல்லாப் பொருளும் ஆண் அல்லது பெண். வீடு ஆண், தண்ணீர் ஆண். சைக்கிள் பெண். இருபத்தைந்து வருஷமாக சைக்கிளோடு கிடந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அதான் ராவும் பகலும் அதைக் கட்டிக்கிட்டு அழுதீங்களாக்கும்" என்றாள்.

அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் வீட்டில் உரக்கப் படிப்பேன். அவள் அடுப்பில் வேலை பார்த்துக்கொண்டே காதில் வாங்குவாள். சில சமயம், நேத்து வேற மாதிரி சொன்னீங்களே என்பாள். நான் நோட்டைப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சோடாக்கடைக்காரருக்கு மனம் கொஞ்சம் கசந்துபோனது. ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நேராகவே கேட்டார். "இனிமே எந்த வாயை வச்சுக்கிட்டு அண்ணே ஊர்வலத்துல கோஷம் போடுவீங்க?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே பதில் தயாராக இருந்தது. "இதே வாய்தான். சட்டம் போட்டுப் படின்னா படிக்க மாட்டேன், என் பேத்தி கூப்பிட்டாப் படிப்பேன். ரெண்டும் ஒண்ணு இல்லப்பா."

மறுநாள் அவரே வந்து, குட்டிகளுக்குப் பேர் வைத்தார்களா என்று விசாரித்தார்.

மூன்றாம் மாதம் டீச்சர் உதவி இல்லாமல் முதல் கடிதம் எழுதினேன். ஆறு வரி. எழுத மூன்று நாள் ஆனது. பேத்தியிடமிருந்து பதிலோடு என் கடிதமும் திரும்பி வந்தது, தப்பான இடமெல்லாம் வட்டம் போட்டு. பதினோரு வட்டம். கீழே பத்துக்கு நாலு மார்க். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த நாலு மார்க்கைக் காட்டினேன்.

அப்போதுதான் எனக்கும் ஒரு யோசனை வந்தது. அவளுக்கு எழுதினேன்: உன் எழுத்தை நான் படிக்கிறேன், என் எழுத்தை நீ படிப்பாயா? படிக்கிறேன், ஆனால் நீங்களும் வட்டம் போட வேண்டும் என்று பதில் வந்தது. திங்கட்கிழமைதோறும் ஒரு கார்டு போட்டேன். ஒரு கார்டுக்கு இரண்டு எழுத்து, ஒரு வார்த்தை, நான் வரைந்த ஒரு படம். ஆ-வுக்கு ஆடு வரைந்தேன். நாய் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். அடுத்த வருஷம் கார்த்திகை மாதம் அவளிடமிருந்து முதல் தமிழ் வரி வந்தது. 'நானா நாண் நல்லா இறுக்கேன்.' நான் வட்டம் போடவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். வட்டம் எங்கே என்று கேட்டுத் திட்டி எழுதினாள்.

அறுபதாம் வருஷம் கோடை விடுமுறைக்கு வருகிறோம் என்று எழுதினார்கள். நான் திருச்சி ஜங்ஷனுக்கே போய்விட்டேன். வண்டி வர இரண்டு மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் நடந்தபடி ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரிடம் உச்சரிப்பு திருத்திக்கொண்டு வந்த வாக்கியம்.

வண்டி நின்றது. மாப்பிள்ளை தோளில் பையன், கையில் டிரங்குப் பெட்டி. பின்னால் மகள். அதற்கு முன்னாலேயே இரட்டைச் சடை போட்ட ஒன்பது வயதுப் பெண் ஒன்று குதித்து இறங்கி நின்றது. நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "ஆப்கீ யாத்ரா கைஸீ ரஹீ?" தங்கள் பயணம் எப்படி இருந்தது என்று அர்த்தம்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவ்வளவு மரியாதையாக மந்திரியிடம்தான் பேசுவார்களாம், பேத்தியிடம் இல்லையாம். நான் அசடு வழிய நின்றபோது அவள் என்னைத் தாண்டிப் பின்னால் எதையோ பார்த்தாள். பிளாட்பாரத்துப் பெயர்ப் பலகை. அதன் முன்னால் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரலை நீட்டி, "தி, ரு, ச், சி, ரா, ப், ப, ள், ளி" என்று படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியா, நானா?" என்று தமிழில் கேட்டாள்.

எனக்குத் தமிழும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் ஊர் வந்து சேரும்வரை வாயை மூடவில்லை. கீரனூர் என்றாள். சைக்கிள் நிலையம் என்றாள். புதுக்கோட்டையில் பஸ் நின்றபோது எதிரே இருந்த வாழைக்காய் மண்டிப் பலகையில் 'ழ'வில் மாட்டிக்கொண்டாள். அவள் 'வாளக்காய்' என்க, பின் சீட்டிலிருந்த கிழவர் நாக்கை மடித்துக் காட்ட, முன் சீட்டுப் பெண் அப்படி இல்லை இப்படி என்று இன்னொரு விதமாகக் காட்ட, பஸ்ஸில் பாதிப் பேர் ஆளுக்கொரு 'ழ' சொன்னார்கள். பாதிப் பேருக்கு அது வரவும் இல்லை. திருமயம் தாண்டியதும் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளைப் பார்த்து, "என்ன ஊரு பாப்பா?" என்று கேட்ட பிறகுதான் விசில் கொடுத்தார்.

இதற்குள் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. வீட்டில் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும், நான் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் என் மனைவி நின்றாள். கையில் செம்பு நிறையத் தண்ணீர். பேத்தி கிட்டே வந்ததும், "ஆவோ பேட்டி, பானி பியோகி?" என்றாள். வாம்மா, தண்ணி குடிக்கிறியா. ஒரு தடுமாற்றம் இல்லை. அப்புறம் பசிக்கிறதா என்று கேட்டாள். தம்பி ஏன் தூங்கிவிட்டான், உடம்பு சுடுகிறதா என்று கேட்டாள். எல்லாம் இந்தியில். பேத்தி மளமளவென்று என்னவோ பதில் சொல்ல, அவளும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். "அம்மாவுக்கு எப்பப்பா..." என்று ஆரம்பித்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு விசாரித்தால், நான் கடைக்குப் போன பிறகு என் மனைவி தினமும் டீச்சரின் தாயாருக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கப் போவாளாம். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் டீச்சர் அவளோடு இந்தியில் மட்டும் பேசுவாராம். ஒன்றரை வருஷம். என்னிடம் மூச்சு விடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தப்பாப் பேசினா நீங்க சிரிப்பீங்க. நோட்டைத் தூக்கிட்டு வந்து காட்டுவீங்க" என்றாள். செய்திருப்பேன்தான்.

அந்த இருபத்தைந்து நாள் வீடு ஒரே அமளி. அம்மாயி அம்மாயி என்று பேத்தி என் மனைவியைச் சுற்றியே வந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் நோட்டைப் பிரித்து ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டு போவதற்குள் அவர்கள் இரண்டு பேரும் நாலு விஷயம் பேசி முடித்திருப்பார்கள். சின்னவனுக்கு மாம்பழத்தின் மேல் உயிர். இந்தியில் மாம்பழத்துக்கு 'ஆம்'. யாரைப் பார்த்தாலும் 'ஆம், ஆம்' என்பான். எதிர்வீட்டுப் பெண், எதைச் சொன்னாலும் மறுக்காத பிள்ளை என்று ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் பேத்தியைக் கடைக்குக் கூட்டிப் போனேன். சோடாக்கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்று தலைப்பை எட்டிப் பார்த்தாள். அவர் பேப்பரை அவள் பக்கம் திருப்பினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெரிய எழுத்து முடிந்ததும் சின்ன எழுத்துக்குப் போனாள். கடையிலிருந்த அஞ்சாறு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒரு பத்தி படிக்க அரைமணி நேரம் ஆனது. எல்லாரும் ஏற்கனவே காலையில் படித்த செய்திதான். யாரும் நகரவில்லை. அவள் முடித்ததும் சோடாக்கடைக்காரர் விருட்டென்று எழுந்து போய், ஒரு கலர் சோடாவை உடைத்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். "அந்தக் கறுப்புக் குட்டிக்கு என்ன பேருன்னு கேளுங்கண்ணே" என்றார். என்னிடம் கேட்க வேண்டியதில்லை, அவளுக்கே தமிழ் புரிந்தது. "காஜல்" என்றாள். கண்மை என்று அர்த்தம் சொன்னேன். அவர் அதைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து டீச்சர் மாற்றலாகி மன்னார்குடிப் பக்கம் போனார். அவர் சாமான்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டது நானும் சோடாக்கடைக்காரரும்தான். அறுபத்தைந்தில் ஊர் முழுக்க இந்தி எதிர்ப்பு கொந்தளித்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஊர்வலத்தில் போனோம். என் குரல் பழைய மாதிரியே இருந்தது. போனதைப் பேத்திக்கு எழுதினேன். தமிழில்தான் பதில் வந்தது. அவள் வகுப்பில் யாரோ கேலி செய்தார்களாம். என் தாத்தா ஐம்பது வயதில் உங்கள் பாஷையைப் படித்தார், உங்களில் யாருடைய தாத்தா தமிழ் படித்தார் என்று கேட்டாளாம்.

அறுபத்தெட்டில் அவள் கல்லூரிப் படிப்புக்குத் திருச்சிக்கே வந்து சேர்ந்தாள். தமிழ்நாட்டில்தான் படிப்பேன் என்று அவளே பிடிவாதம் பிடித்தாளாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவாள். தம்பி மட்டும் ஜபல்பூரில். அவன் கடிதம் எழுதச் சோம்பேறி. அவனை எழுத வைப்பதற்காக நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே கடிதம் எழுதுவோம். வாக்கியம் என் மனைவி சொல்வாள், எழுதுவது நான், திருத்துவது பேத்தி. போன சனிக்கிழமை ஒரு வார்த்தைக்கு எனக்கும் மனைவிக்கும் சண்டை. இலக்கணப்படி நான் சொல்வதுதான் சரி, ஆனால் அம்மாயி சொல்கிற மாதிரிதான் ஜனங்கள் பேசுவார்கள் என்று பேத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மனைவி சொன்னபடியே எழுதி, அஞ்சு மணித் தபால் கட்டுவதற்குள் போட்டுவிட வேண்டுமென்று மூன்று பேரும் வேகவேகமாக நடந்தோம்.